ஏழரை மணி வில்லி

நாற்பத்தாறு வயதில் நான் வில்லியானேன். அதுவரை தி. நகரில் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். வேலை இல்லாமல் வீட்டில் இருந்தவளை மாடி வீட்டுப் பெண் ஒருநாள் படப்பிடிப்புக்கு அழைத்துப் போனாள். சீரியல்களுக்குப் புடவையும் நகையும் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. "கல்யாண சீன்க்கா. கூட்டத்துல சும்மா உக்காந்தா போதும்" என்றாள். உட்கார்ந்தேன். இயக்குநர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு, "தப்பா நினைக்காதீங்கக்கா. நீங்க சாதாரணமா பாத்தாலே முறைக்கிற மாதிரி இருக்கு. நடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

இந்த முகத்துக்காகப் பள்ளிக்கூடத்திலிருந்தே பேச்சு வாங்கியவள் நான். பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணுக்கு இஷ்டமில்லையோ?" என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த முகத்தைத் தேடி ஒரு வேலை வரும் என்று யார் நினைத்தார்கள்?

எனக்குக் கிடைத்தது ஒரு கூட்டுக் குடும்பத்தின் மூத்த மருமகள் வேடம். சொத்து கைமாறிவிடக் கூடாது என்று இளைய மருமகளைப் படாத பாடு படுத்துபவள். புருஷனிடம் கோள் மூட்டுவாள், நகையை ஒளித்து வைத்துத் திருட்டுப் பட்டம் கட்டுவாள், குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டுவாள். வாரம் ஆறு நாள், மாலை ஏழரை மணிக்கு ஒளிபரப்பு. என் கணவர் நேரத்தைக் கேட்டதும் சிரித்தார். "ஏழரையா? பொருத்தமாத்தான் வெச்சிருக்காங்க" என்றார்.

இளைய மருமகளாக நடித்த பெண் பெங்களூரிலிருந்து வந்தவள். தமிழ் சரியாக வராது. ஒவ்வொரு வசனத்தையும் என்னிடம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கேமரா முன் போவாள். மதியம் என் டிபன் பாக்ஸில் பாதி அவளுக்கு. சாப்பிட்டதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். "ஷாட் ரெடி" என்று குரல் வந்ததும் இருவரும் எழுந்து போய், நான் அவள் கன்னத்தில் அறைவேன்.

வெளியில் எனக்குத் திட்டு விழ ஆரம்பித்தபோது முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. மாட வீதியில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். மடிசார் கட்டிய ஒரு மாமி பக்கத்தில் வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்காத்துல தினமும் உங்களைத் திட்டிண்டேதான் ராத்திரி சாப்பாடு. நீங்க வராத அன்னிக்குச் சாதமே எறங்கலை, போங்கோ" என்றார். ஆசீர்வாதமா, சாபமா என்று எனக்குத் தெரியவில்லை. கத்திரிக்காயை மட்டும் அவரே நல்லதாகப் பொறுக்கி என் பையில் போட்டார்.

அடையாறிலிருந்து வரும்போது ஒரு ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். திரு.வி.க. பாலத்தின் மேல் அவரால் தாங்க முடியவில்லை. "அந்தப் பொண்ணு வளையல எங்கேம்மா ஒளிச்சு வெச்ச? இன்னிக்காவது சொல்லு" என்றார். மறுநாள் வரப்போகிற காட்சி என்பதால் சொல்ல முடியாது என்றேன். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "பொண்டாட்டி கேட்டா இன்னா சொல்றது?" என்று வருத்தப்பட்டுக்கொண்டே போனார்.

எல்லாம் இப்படி இருக்கவில்லை. தி. நகரில் ஒரு புடவைக் கடையில், கூட்டத்துக்குள் யாரோ என் கையை ரத்தம் கட்டும்படி கிள்ளிவிட்டுப் போனார்கள். திரும்பிப் பார்த்தபோது எல்லா முகங்களும் புடவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. கைபேசியில் வந்தவை அதைவிட மோசம். என் காட்சிகளைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுவார்கள். அதற்குக் கீழே முகமில்லாத ஆட்கள் எழுதியதை என்னால் இங்கே எழுத முடியாது. நான் சாக வேண்டும் என்று எழுதினார்கள். எப்படிச் சாக வேண்டும் என்றும் எழுதினார்கள். கணவர் கைபேசியை வாங்கி அந்தச் செயலிகளையெல்லாம் அழித்தார். அழித்துவிட்டால் மறந்துவிடுமா?

என்னை நேருக்கு நேர் திட்டியவர்களில் முதலிடம் ஒரு மீன்காரம்மாவுக்குத்தான். பட்டினப்பாக்கத்துக்குப் பக்கத்தில், கடற்கரையை ஒட்டிய சாலையில் கடை போட்டிருந்தாள். என்னைவிடச் சில வயது பெரியவள். காற்றையும் அலையையும் மீறி நாலு கடைக்கு அப்பால் கேட்கும் குரல். சீரியலுக்கு முன்பிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் அவளிடம்தான் மீன் வாங்குவேன். என் முகம் டிவியில் வந்த பிறகு அவள் என்னோடு பேசுகிற விதமே மாறிப்போனது.

"வந்துட்டியா? இன்னா காரியம் பண்ணிட்டு வந்து நிக்கிற நீ! அந்தப் பொண்ணு உனுக்கு இன்னா பாவம் பண்ச்சி?"

"அது நடிப்பும்மா. அவங்க எழுதிக் குடுக்கறதைத்தான் நான் பேசறேன்."

"எய்திக் குட்த்தா பேசிடுவியா? உன் வாய் எங்க போச்சு? மாட்டேன்னு சொல்றதுதானே!"

அவள் திட்டிக்கொண்டே சங்கராவைச் செதில் உரசி, துண்டு போட்டு, தலையைத் தனியாகக் கட்டிக் கொடுப்பாள். திட்டு அதிகமாக இருக்கும் வாரம் மீனும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

பிறகு மாடிப்படிக் காட்சி வந்தது. கர்ப்பமாக இருக்கும் இளைய மருமகளை நான் படியிலிருந்து தள்ளிவிட வேண்டும். கீழே மெத்தை விரித்திருந்தார்கள், அவள் விழ வேண்டியது இரண்டே படிதான். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். நான்தான் மெத்தை சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை இறங்கிப் போய்ப் பார்த்தேன். திரையில் அது முழு மாடிப்படியாக, மூன்று முறை திரும்பத் திரும்ப, இடி முழக்கத்தோடு வந்தது.

அடுத்த ஞாயிறு நான் மீன்காரம்மாவிடம் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். மீன் கழுவிய தண்ணீர் இருந்த அலுமினிய அன்னக்கூடையை எடுத்து என் காலில் கொட்டினாள்.

"உனுக்கு மீனு கெடையாது. கொயந்த வயித்துல கீற பொண்ண தள்ளி வுட்டவளுக்கு நான் மீனு குடுக்க மாட்டேன். போ!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தர் கைபேசியில் படமெடுத்தார். செதிலும் ரத்தமுமாகக் காலோடு ஒட்டிய புடவையைப் பிடித்துக்கொண்டு நான் வீடு வரை நடந்தேன். குளித்து முடித்ததும் கணவரிடம் சொன்னேன், "போதும். இந்த மாசத்தோட நிறுத்திக்கறேன்."

அவர் தடுக்கவில்லை. "நிறுத்திக்க. ஆனா உன் நடிப்பை இந்த அளவுக்கு நம்பினவங்க வேற யாரும் இல்ல" என்று மட்டும் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது.

சில வாரங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. தயாரிப்பு மேலாளரிடம் விலகுவது பற்றிப் பேச்செடுத்தேன். கதை இப்போது என்னைச் சுற்றித்தான் ஓடுகிறது, கொஞ்ச நாள் பொறுங்கள் என்றார். பொறுத்தேன். அதற்குள் கணவரின் அக்கா ஊரிலிருந்து வந்தார். மீன் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. வேறு கடையில் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று போனேன்.

மீன்காரம்மாவின் இடத்தில் ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். கத்தி பிடிக்கத் தெரியவில்லை, விரலில் துணி சுற்றியிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்துவிட்டாள். நான் ஒரு அடி பின்னால் போனேன்.

"மேடம், போய்டாதீங்க! நான் அவங்க பொண்ணு. உங்களத்தான் தேடிக்கினு இருந்தேன்."

பக்கத்துக் கடைக்காரிதான் விஷயத்தைச் சொன்னாள். "அதுக்கு கையும் காலும் இழுத்துக்கிச்சும்மா. வலப்பக்கம் பூரா. வாயும் வர்ல. இத்தினி பெரிய வாயி, ஒரு வார்த்த வர்ல!"

மகள் தொடர்ந்தாள். அவள் தரமணியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வை பார்ப்பவள். அம்மா படுத்ததிலிருந்து லீவு நாட்களில் கடையையும் பார்க்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலுக்குப் பயிற்சி, பேச்சுக்குப் பயிற்சி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கால் மெல்லத் தேறி வருகிறது. பேச்சுதான் வரவில்லை. படம் காட்டி இது என்ன என்று கேட்டால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

"ஆனா ஏழர மணிக்கு நீங்க வந்தீங்கன்னா மட்டும் எங்கம்மா தூன்னு துப்புது மேடம். தொண்டையில என்னவோ சத்தம் வருது. வேற யாரப் பாத்தும் வர்ல. டாக்டரம்மாகிட்ட சொன்னேன். திட்டு, பாட்டு இதெல்லாம் மத்த பேச்சுக்கு முன்னாடியே வரலாம்னு சொன்னாங்க. நீங்க ஒரு தபா வூட்டுக்கு வர முடியுமா?"

யோசித்தேன். என் காலில் தண்ணீர் கொட்டியவள் வீட்டுக்கு, அவளிடம் திட்டு வாங்குவதற்காகவே போக வேண்டும். இப்படி ஒரு அழைப்பு உலகத்தில் வேறு யாருக்காவது வந்திருக்குமா? அடுத்த ஞாயிறு மதியம் வருவதாகச் சொன்னேன்.

கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தது அந்த ஹவுசிங் போர்டு குடியிருப்பு. இரண்டாவது மாடி, ஒரே அறை, ஓரத்தில் சமையல். நான் படி ஏறும்போதே ஒவ்வொரு கதவும் திறந்தது. ஒரு பாட்டுக் கச்சேரிக்குச் சேரும் கூட்டம் பின்னால் வந்தது. மீன்காரம்மா சுவரில் சாய்ந்து உட்கார வைக்கப்பட்டிருந்தாள். பாதி ஆளாகக் கரைந்திருந்தாள். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

நான் வாசலில் நின்றேன். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். சாயம் பூசாத முகம், நூல் புடவை, கையில் ஆரஞ்சுப் பழப் பை. டிவியில் வருகிற பட்டும் நகையும் இல்லை. அவள் முகத்தில் கோபத்தின் சாயலே வரவில்லை. இடது கையால் பக்கத்தில் இருந்த பாயைத் தட்டினாள். உட்கார். பிறகு மகளைப் பார்த்து, கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினாள். வந்தவளுக்குக் குடிக்க ஏதாவது கொடு.

கடையில் நான் அந்தப் பாவி. வீட்டுக்கு வந்தால் விருந்தாளி. அவளுக்கு அதில் குழப்பமே இல்லை.

மகள் கலங்கிப்போய்விட்டாள். "எம்மா, இது யார்னு தெர்ல? தெனம் டிவியில வருதே! திட்டும்மா!" என்று கெஞ்சினாள். அம்மா தலையை ஆட்டி மறுத்தாள். எனக்குக் கலர் சோடா வந்தது. குடித்தேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே முழுதாகத் தெரியாது. முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டேன். சீரியலில் மூத்த மருமகள் அப்படித்தான் செய்வாள். ஒரு புருவத்தை மட்டும் தூக்கினேன். அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த மருமகளின் குரலில் சொன்னேன்:

"ச்சீ! இந்த வீட்டுல மனுஷங்க குடியிருக்காங்களா, கருவாடு காய வெச்சிருக்காங்களா?"

வாசலில் நின்ற பெண்கள் "ஐயோ" என்றார்கள். மீன்காரம்மாவின் கண் பெரிதானது. கழுத்து நரம்பு புடைத்தது. இடது கை தரையில் பட்டென்று விழுந்தது.

"போ..."

வாசலில் நின்றவர்கள் இன்னும் உள்ளே நெருங்கினார்கள்.

"என்ன? எங்க போகணும்? இதுவும் என் சொத்துதான்" என்றேன்.

"போ... போடி. போடி கஸ்மாலம்!"

தெளிவாக, முழுதாக, பழைய குரலின் ஒரு துண்டு. மகள் அம்மாவின் மேல் விழுந்து கட்டிக்கொண்டாள். வாசலில் யாரோ கை தட்டினார்கள், யாரோ விசில் அடித்தார்கள். எனக்கு வேடம் கலைந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்து மீன்காரம்மா பயந்துபோனாள். திட்டு என்னைச் சுட்டுவிட்டது என்று நினைத்தாள் போலிருக்கிறது. மறுபடியும் பாயைத் தட்டினாள். மகள்தான் கண்ணீரும் சிரிப்புமாக, "அழாதீங்க மேடம், இன்னொரு தபா பண்ணுங்க, இன்னொரு தபா!" என்றாள்.

இன்னொரு தபா பண்ணினேன். படப்பிடிப்பு இல்லாத ஞாயிறெல்லாம் பண்ணினேன். திட்டோடு நின்றுவிடக் கூடாது, அதன் வாலைப் பிடித்து அடுத்த வார்த்தைக்கு இழுத்துப் போக வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதாக மகள் சொன்னாள். அதனால் நான் கேள்வி கேட்கும் வில்லியானேன்.

"யாரைப் பாத்து போடின்னு சொல்ற?"

"ஒன்ன."

"நான் எதுக்குப் போகணும்?"

"என்... வூடு."

"உன் வீடா? எந்த ஊர்ல இருக்கு உன் வீடு?"

அவள் தேடுவாள். வார்த்தை வராமல் தரையைத் தட்டுவாள். சில நாள் அழுதுவிடுவாள். சில நாள் அரை மணி நேரம் முயன்று ஒன்றும் வராமல் வாசல் கூட்டம் கலைந்துபோகும். நான் ஏதோ சாதித்துவிட்டதாக எழுத இது இடமில்லை. வாரம் முழுவதும் அவளோடு மல்லுக்கட்டியது மகள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கி வைத்துப் போனது பக்கத்து வீட்டார். நான் ஞாயிறன்று போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு ஞாயிறு நான் வேடத்தை ஆரம்பிக்கும் முன்பே அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வாசலில் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தப் பொண்ணு... கொயந்த?"

திட்டாக இல்லாமல், என் கேள்விக்குப் பதிலாக இல்லாமல், அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது. சீரியலில் இளைய மருமகளை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்ப் பல வாரமாக வெளியே கொண்டுவரவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பக்கவாதத்தில் படுத்திருந்தவள் இந்தக் கவலையையும் சேர்த்துத்தான் சுமந்திருக்கிறாள். கதையை வெளியில் சொல்லக் கூடாது என்று எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. காதருகே குனிந்து சொன்னேன்.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கு. எடுத்துட்டோம் அந்த சீனை."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நெஞ்சு ஏறி இறங்கியது. இடது கையைத் தூக்கிக் கடல் இருந்த பக்கம் கும்பிட்டாள்.

நாலு நாள் கழித்துப் படப்பிடிப்பில் யூனிட் வேன் ஓட்டுநர் ஒருவர் தயாரிப்பு மேலாளரிடம் போனார். "சார், கொயந்த உயிரோட கீதாமே? எங்க ஏரியால எல்லாரும் சொல்லிக்கினு கீறாங்க" என்றார். அவர் வீடு எந்தக் குடியிருப்பில் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மேலாளர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். முறைக்கிற முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு வார்த்தை மட்டுமே சேர்த்துப் பேச முடிந்த மீன்காரம்மா, அந்த இரண்டையும் கொண்டு ஒரு குடியிருப்பு முழுவதற்கும் செய்தி சொல்லிவிட்டிருக்கிறாள்.

விலகும் பேச்சை நான் பிறகு எடுக்கவில்லை. கைபேசியில் எழுதியவர்கள் அதற்குப் பிறகும் எழுதிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் தெருவில் யாராவது நிறுத்தித் திட்டினால் நின்று கேட்கப் பழகிக்கொண்டேன். கேட்கக் கேட்க, அவர்கள் திட்டுவது பெரும்பாலும் என்னை இல்லை என்று தெரிந்தது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் என்னை நிற்க வைத்துக் கத்தினாள். முடித்த பிறகு, "எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்கா. அவகிட்ட இதெல்லாம் சொல்ல முடியாது" என்றாள். பேருந்து வந்தது. ஏறும்போது என் கையைத் தொட்டுவிட்டு ஏறினாள். அவர்கள் வீட்டுக்குள் இறக்கி வைக்க முடியாததை இறக்க நான் ஒரு இடமாக இருந்திருக்கிறேன். கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் யாருக்கும் நான் அப்படிப் பயன்பட்டதில்லை.

சீரியல் முடிந்துவிட்டது. கடைசி வாரத்தில் என்னைத் திருந்த வைத்து, இளைய மருமகள் காலில் விழ வைத்தார்கள். குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். ஊரே அழுததாகச் சொன்னார்கள்.

மீன்காரம்மா திரும்பவும் கடைக்கு வருகிறாள். வலது கை முழுதாக வரவில்லை. மீன் வெட்ட உறவுக்காரப் பெண் ஒருத்தியை வைத்திருக்கிறாள். அவள் உட்கார்ந்து பேரம் பேசுகிறாள். வார்த்தைகள் தடுக்கித் தடுக்கித்தான் வருகின்றன. வாங்க வருகிறவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். மகளுக்கு இப்போது தரமணி வேலை மட்டும்தான்.

நான் இப்போது ஒரு மதிய நேரத் தொடரில் நல்ல அம்மாவாக நடிக்கிறேன். பொறுமைசாலி. எல்லாவற்றையும் தாங்கிக்கொள்கிறவள். தெருவில் யாரும் என்னை அடையாளம் கண்டுகொள்வதில்லை. போன ஞாயிறு மீன் வாங்கப் போனபோது, "புதுசு பாக்கறியா?" என்று கேட்டேன்.

அவள் உதட்டைப் பிதுக்கினாள். வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். "இதுல நீ... சும்மா... அய்துகினே கீற. பாக்க முடில."

"அப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"யார்னா... ரெண்டு பேர... போட்டு மெதி" என்றாள். வெட்டிக்கொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். மீன்காரம்மா வஞ்சிரத்தின் நடுத்துண்டு ஒன்றை இடது கையால் எடுத்து என் பைக்குள் வைத்து, போகச் சொல்லிக் கையை ஆட்டினாள்.